நாகமலைக்குக் கட்டுச்சோறு

பிரபு,

பார்சலைப் பிரித்ததும் புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்துத் தனியாக வை. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் நல்லெண்ணெய் கசியத்தான் செய்யும். இந்தக் காகிதத்தில் பட்டால் எழுத்து கலங்கிவிடும். நீ கேட்டது ஒரு பட்டியல் மட்டும்தான். “அம்மா, அடுத்த சனிக்கிழமை புட்டியக் கூட்டிட்டு நாகமலை போறேன். அனூர்ல ஃப்ரெண்டு தோட்டத்துல டென்ட் போட்டுத் தங்கிட்டு, மறுநாள் மலை ஏறறோம். என்னென்ன கட்டிக்கணும்னு லிஸ்ட் அனுப்பு” என்று வாட்ஸாப்பில் மூன்று வரி எழுதியிருந்தாய். அதற்கு நானும் மூன்று வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் பட்டியலோடு சேர்த்து உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உனக்குப் பத்து வயதில் சொல்லியிருக்க வேண்டியது. ஏறத்தாழ நாற்பது வருடங்கள் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் கான்வென்டில் ஸிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த அழகான வாக்கியங்களுக்குள் ஒளிந்துகொள்வேன் என்று தெரியும். அதனால் தமிழில் எழுதுகிறேன். நீ தமிழ் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். மெதுவாகவே வாசி.

எழுத வைத்தது உன் மகள் புட்டிதான். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஏதோ வேலையாக இருந்தாய். அவள் என்னிடம், “பாட்டி, அப்பா சின்னவரா இருக்கறப்ப தாத்தாவோட மருந்து உருண்டைய எல்லாம் கள்ளத்தனமா தின்னுட்டாராமே? நிஜவா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து உன் சிரிப்பு கேட்டது. “ஆமா புட்டி, முழுசும் நான்தான். ஒண்ணுகூட மிச்சம் வெக்கல” என்றாய். உடனே அவள், “அப்டின்னா மலைல என் ஸ்நாக்ஸ் பைய உங்ககிட்ட குடுக்கவே மாட்டேன், நானே தூக்கிக்கறேன்” என்றாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்ததுபோல ஒரு சத்தம் செய்தேன். போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றேன். எதற்கு வந்தேன் என்று மறந்துவிட்டது. உன் மகள் உன்னைத் திருடன் என்று கேலி செய்கிறாள், நீயும் ஒப்புக்கொள்கிறாய். நீ அந்த உருண்டைகளைத் தின்னவில்லை. யார் எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். நடுவில் விட்டால் அளவு தப்பிப்போகும். புளிச்சோற்றுக்குப் பழைய அரிசியாகப் பார்த்து வாங்கு. புது அரிசி மதியத்துக்குள் கூழாகிவிடும். சாதத்தை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, கையால் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட வேண்டும். அதன் பிறகுதான் புளிக்காய்ச்சல். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து, பதினோரு மணிக்கே வாடை வந்துவிடும். வேர்க்கடலையைத் தனியாக வறுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போ, சாப்பிடும்போது மேலே தூவிக்கொள்ளலாம். தேங்காய் கூடவே கூடாது. உன் மனைவி கொப்பரை போட்டுத்தான் புளியோகரே கலப்பாள், அது வீட்டில் மிக நன்றாக இருக்கும். இந்தத் தடவை மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். வாழையிலையை அடுப்பில் வாட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டு. பெரிய டப்பாவில் எல்லோருக்குமாகச் சேர்த்து எடுத்துப் போகாதே. மலையில் எல்லோரும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. டப்பா ஒருவரிடம் இருக்கும், பசி இன்னொருவருக்கு வரும்.

தயிர்சாதம் வேண்டும் என்று புட்டி கேட்பாள். சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலந்து கட்டு. நடக்க நடக்க அது தானாக உறைந்து, நீங்கள் உட்காரும் நேரத்தில் சரியான தயிர்சாதமாக இருக்கும். உப்பை அங்கே போய்ப் போட்டுக்கொள். டென்டில் காலையில் ராகி ஹுரிஹிட்டு போதும். வறுத்து அரைத்த மாவுதான், வெந்நீரும் வெல்லமும் விட்டுப் பிசைந்தால் பிள்ளைகள்கூட வயிறாரச் சாப்பிடுவார்கள். ஒரு டப்பா அரைத்து அனுப்பியிருக்கிறேன். பாலில் பிசைந்த சப்பாத்தி, எள்ளுப்பொடி, நிப்பட்டுத் தட்டை, தோலோடு வெள்ளரிக்காய். வாழைப்பழம் எடுத்துப் போனால் பைக்குள் மேலாக வை, அதையும் ஏறத் தொடங்கும் முன்பே தின்று முடித்துவிடு. சரசரவென்று சத்தம் போடும் கவர் எதுவும் வேண்டாம், அந்தச் சத்தம் குரங்குகளுக்குப் பழக்கம். கட்டிய இலையைத் தவிர மற்றதெல்லாம் உன் பையில் திரும்பி வர வேண்டும். நீ செய்வாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

இதையெல்லாம் நான் அந்த மலையில் பட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன் என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது பொய். உன் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்ட முதல் வருடமே எனக்கு இவையெல்லாம் தெரியும். அனூரில் அவர் வீட்டில் விடியற்காலையில் காட்டுக்குப் போகிறவர்களுக்கு உன் அத்தை சோறு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெரிந்தும் செய்யாமல் விட்டேன் என்பதுதான் விஷயம்.

அப்பாவின் தொழிற்சாலையில் ஒரு நடைக்குழு இருந்தது உனக்கு நினைவிருக்கும். குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு, நாலைந்து குடும்பங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றோரம் நடப்போம், சாமுண்டி மலைப் படிகளில் ஏறுவோம். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து எதையாவது கட்டிக்கொண்டு வருவார்கள், கீழே விரித்து உட்கார்ந்து பகிர்ந்து தின்போம். அந்த வருடம் புதிதாக வந்த மேலாளரும் அவர் மனைவி நிர்மலாவும் குழுவில் சேர்ந்தார்கள். நாகமலைக்குப் போகலாம் என்று முடிவானது. நிர்மலா படித்ததும் என்னைப்போலவே ஒரு கான்வென்டில், ஆனால் ஊட்டியில். அறிமுகமான அன்றே என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள், நானும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். அந்தக் குழுவில் அவளுக்குச் சமமாக நிற்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று எனக்குள் ஒரு எண்ணம். மதியச் சாப்பாட்டை முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன்.

எங்கள் மனையியல் ஸிஸ்டர் கற்றுக்கொடுத்தபடி, ஓரம் வெட்டிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காய் வைத்து, முக்கோணமாக நறுக்கிய ஸாண்ட்விச். ஜாம் டார்ட். நாலு மூலையிலும் பூவேலை செய்த வெள்ளைத் துணி நாப்கின் பன்னிரண்டு. முந்தைய நாள் முழுவதும் அதிலேயே போனது. அப்பா வந்து பார்த்துவிட்டு, “ஏனம்மிணி, இத்தன ஏத்தம் ஏறிப்போட்டு இத வெச்சு மூக்கத் தொடைக்கிறதா, வயித்துக்குப் போடறதா?” என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் உங்கள் இருவரையும் சமையலறையை விட்டு வெளியே அனுப்பினேன்.

அந்த வருடம்தான் அவருக்குச் சர்க்கரை நோய்க்கு ஊசி போடத் தொடங்கியிருந்தோம். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துக் காலையில் நான்தான் எடுத்துக்கொடுப்பேன். ஊசி போட்டுக்கொண்டு நிறைய நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், கையோடு எப்போதும் இனிப்பு இருக்க வேண்டும் என்று டாக்டர் என்னையும் எதிரில் உட்காரவைத்துத்தான் சொன்னார். அதற்காக உன் அத்தை அனூரிலிருந்து வெல்லப்பாகில் பிடித்த கடலை உருண்டை பத்துப் பன்னிரண்டு அனுப்பியிருந்தாள். பழைய வேட்டித் துண்டில் முடிச்சுப்போட்ட மூட்டை. அப்பா அதைத் தன் தோள்பையின் பக்கத்து அறையில் திணித்துவிட்டு, “இதுல மட்டும் கை வெச்சறாத அம்மிணி, இது மருந்து” என்றார். உன்னிடமும் சொன்னார். நீ, “ஒண்ணே ஒண்ணுப்பா” என்று கெஞ்சினாய். “மலை எறங்கினதுக்கு அப்பறம் மிச்சமிருந்தா எல்லாம் உனக்குத்தான் கண்ணு” என்றார்.

மறுநாள் விடியற்காலையில் புறப்படும் அவசரத்தில் நாப்கின் வைக்க வேறு இடம் இல்லை. அப்பாவின் பையில் பெரிய அறையில் வைத்தேன். பக்கத்து அறை மூட்டையிலிருந்து துணி தாண்டி வெல்லம் கசிந்து, ஒரு நாப்கினின் மூலையில் பழுப்பாகப் பட்டிருந்தது. பூவேலை செய்த மூலை. நிர்மலா கையில் அதை எப்படிக் கொடுப்பேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. அழுக்கு வேட்டித் துண்டையும், எண்ணெய் வாடையையும், அதை அவள் பார்க்கப்போவதையும் நினைத்தேன். கூடையில் ஜாம் டார்ட் இருக்கிறதே, அதுவும் இனிப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூட்டையை எடுத்து அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப எடுத்து வைத்துவிடுவார் என்று தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்கு நினைவிருக்கும். கொள்ளேகாலில் பஸ் மாறி, மாதேஸ்வரன் மலைக்கோயிலில் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். குழுவில் கல்யாணமாகாத எஞ்சினியர்கள் இரண்டு பேர், யார் முதலில் போவது என்று பந்தயம் வைத்து, சாப்பாட்டுக் கூடையைக் கம்பில் கோத்துத் தூக்கிக்கொண்டு எங்களை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். டார்ட்டும் ஸாண்ட்விச்சும் அதோடு போயின. பாதி வழியில், “பை கனமா இருக்காப்பா, நான் தூக்கறேன்” என்று நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். நீ கேட்காமல் இருந்திருந்தால் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன். இரண்டாவது இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கிய இடத்தில் அப்பா நின்றார். வெயில் அவ்வளவு இல்லை, ஆனால் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. கை நடுங்கியது. “பையக் குடு” என்றார். பக்கத்து அறையில் கையைவிட்டுத் துழாவினார். நாப்கின்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். அவை மண்ணில் விழுந்தன. “எங்கடா? எங்கடா அது?” என்று கேட்டார். அது அவர் குரலாகவே இல்லை. சர்க்கரை இறங்கினால் மனிதர் மாறிவிடுவார், கோபம் வரும், எதிரில் நிற்பவர் யாரென்றுகூடச் சரியாகத் தெரியாது. இதையும் டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். “தின்னுபோட்டயா? அத்தனையும் தின்னுபோட்டயா?” என்றார். “இல்லப்பா” என்றாய். உன் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்பு ஒரு நாளும் அவர் உன்னை அடித்ததில்லை.

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். நிர்மலா என் பக்கத்தில் இருந்தாள். “நான்தான் எடுத்து வைத்தேன், வீட்டில் இருக்கிறது” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையும் கூடவே வந்தது. கணவன் உயிருக்குக் கை நடுங்கி நிற்கிறான், மகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் நாப்கினுக்காக எடுத்தேன் என்று மேலாளர் மனைவி முன்னால் சொல்வதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு நடந்துவந்த ஒரு கூட்டம் எங்களைக் கடந்து போனது. அதில் ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க, சக்கரக்காரருங்களா? உக்கார வெய்யுங்க மொதல்ல. பையன அடிச்சா சக்கர ஏறீருமா?” என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு கட்டி வெல்லத்தையும் ஒரு பிடி பொரிகடலையையும் எடுத்து அவர் வாயில் போட்டாள். கால்மணி நேரத்தில் அவர் தெளிந்துவிட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்து, “சோத்து மூட்டையக் கண்ணுல படற மாதிரி வெச்சுக்கோணும் தாயி” என்று சொல்லிவிட்டு, “உகே மாதப்பா” என்று சாமியைக் கூவிக்கொண்டு தன் கூட்டத்தைப் பிடிக்க ஓடினாள்.

தெளிந்ததும் அப்பா உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். கன்னத்தைத் தடவினார். “பசிச்சா கேட்டிருக்கலாமல்லோ கண்ணு, ஒண்ணு ரெண்டு குடுத்திருப்பனே” என்றார். நீ முதலில் அவரைப் பார்த்தாய். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாய், வெகுநேரம் பார்த்தாய். அதன் பிறகு சொன்னாய், “ஆமாப்பா. நான்தான் தின்னேன். ஸாரிப்பா.”

அன்றிலிருந்து இன்றுவரை எனக்குத் தெரியாமல் இருப்பது அதுதான். காலையில் நான் மூட்டையை எடுத்ததைப் பார்த்தாயா? பார்த்துவிட்டு எனக்காகச் சொன்னாயா? அல்லது நடுங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் இனியும் இல்லை இல்லை என்று சொல்ல உனக்குத் தெம்பு இல்லாமல் போனதா?

மேலே போய்ச் சேர்ந்தபோது ஸாண்ட்விச் ஈரத் துணிபோல இருந்தது. வெண்ணெய் உருகி, ரொட்டி கையில் எடுத்தால் இரண்டாகப் பிரிந்தது. நிர்மலா ஒரு துண்டு கடித்துவிட்டு, “ஸோ டெலிகேட்” என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் குழுவில் இன்னொரு குடும்பம் கட்டிவந்து பிரித்த புளிச்சோற்றுப் பொட்டலங்களின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கையால் உருட்டி மூன்று பொட்டலம் சாப்பிட்டாள். அந்த வேட்டித் துண்டு மூட்டையைப் பார்த்திருந்தால் அவள்தான் முதலில் கையை நீட்டியிருப்பாள். நல்ல பெண். அவளுக்காக நான் கற்பனை செய்துகொண்டது எதுவும் அவளிடம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைப் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலையில் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் அவள் பூவை அளந்து போட்டுக்கொண்டே, “உண்டெ தும்பா சென்னாகித்தம்மா” என்றாள், உருண்டை மிக நன்றாக இருந்ததாம். நீ அப்போது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாய். அதைக் கேட்டாயா என்பதும் எனக்குத் தெரியாது.

மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அப்பா அதை வேடிக்கையாக்கினார். அவர் சுபாவம் அப்படித்தான். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலைக்குப் போனால், “இவன்தான் எங்க வீட்டு உருண்டைக் கள்ளன்” என்று அறிமுகம். உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் அதைச் சொல்லித் தட்டில் உருண்டையை நீட்டினார். நீ ஒவ்வொரு தடவையும் சிரித்தாய், ஒரு தடவையும் எடுத்துத் தின்னவில்லை. ஆனால் நாகமலைக்குப் பிறகு நீ நடைக்குழுவோடு ஒரு நாளும் வரவில்லை. முதலில் பரீட்சை என்றாய், அப்புறம் மேட்ச், அப்புறம் காரணமே சொல்லவில்லை. “அவனுக்கு நடக்கறதுல இஷ்டமில்ல போல” என்று அப்பா சொல்வார். ஒரு வருடம் போல உனக்கும் சேர்த்துத் தண்ணீர் பாட்டில் நிரப்பி வைத்துவிட்டு, கடைசி நிமிடத்தில் ஒன்றை எடுத்துத் திரும்பக் கவிழ்ப்பார். பிறகு நிரப்புவதை நிறுத்திவிட்டார். மகனோடு மலை ஏற வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதரிடமிருந்து அதை நான் எடுத்துக்கொண்டேன். உன்னிடமிருந்தும்தான்.

இதைவிடப் பெரிய தப்பு பின்னால் செய்தேன். அவர் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு காலை வேளை, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பேச்சும் இல்லாமல் திடீரென்று, “அன்னிக்கு அவன அறஞ்சிருக்கக் கூடாதம்மிணி. பசிச்ச பையன். பையத் தூக்கறேன்னு அவனாத்தான கேட்டான்” என்றார். கண் கலங்கியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். நாப்கினும் இல்லை, நிர்மலாவும் இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். “காபி போடட்டுமா?” என்று கேட்டேன். “போடு” என்றார். சர்க்கரை இல்லாத காபி. குடித்துவிட்டு, “அவன் வந்தா சொல்லோணும்” என்றார். நீ அடுத்த தடவை வந்தபோது அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அவர் உன்னிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிட்டேன். பத்து உருண்டை தின்றவன் என்று நம்பிக்கொண்டிருந்தபோதே உன்னை அடித்ததற்கு வருந்தினார். நீ ஒன்றுகூடத் தின்னவில்லை என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவருக்கு நான் கொடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, உனக்கே தெரியும். நோட்டில் எழுத்துப்பிழை வந்தால் பக்கத்தையே கிழித்துத் திரும்ப எழுதவைத்தவள் நான். என்னை மன்னித்துவிடு, பிரபு. இதற்குமேல் எழுதினால் அலங்காரமாகிவிடும்.

கடிதத்தை முந்தாநாள் இங்கேயே முடித்துவிட்டேன். பிறகு, நீ படித்து முடித்து, அம்மா எழுதியதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் சொல்லாமல் விட்டுவிடுவாய் என்று தோன்றியது. என்னைக் காப்பாற்ற நீ அப்படிச் செய்யக்கூடியவன்தான். அதனால் நேற்று நீ ஆபீஸில் இருக்கும் நேரம் பார்த்து, மாலை நான்கு மணிக்கு, உன் மனைவியின் போனில் புட்டியைக் கூப்பிட்டேன். தமிழில் சொன்னால் பாதி புரியாமல் போய்விடக் கூடாது என்று கன்னடத்தில் சொன்னேன். அந்த ஒரு வரியைக் காலையிலிருந்து பழகி வைத்திருந்தேன். “நிம்மப்ப தின்னலில்ல புட்டி. நானே தெகெதிட்டித்தே.” உன் அப்பா தின்னவில்லை, நான்தான் எடுத்து வைத்தேன்.

அவள் உடனே தமிழுக்கு மாறினாள். நான் வருத்தமாக இருந்தால் அவள் தமிழில் பேசுவாள் என்பதை நேற்றுதான் கவனித்தேன்.

“ஒண்ணுகூட தின்னலியா பாட்டி?”

“ஒண்ணுகூட இல்ல.”

“தாத்தாகிட்ட நீங்க சொல்லலியா?”

“சொல்லல.”

“மத்தெ, அப்பா ஏன் தின்னேன்னு சொன்னாரு?”

எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு என்று நம்புகிற பிள்ளை அவள். தெரியாது என்று நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. “அப்பாவையே கேக்கணும் புட்டி” என்றேன். “மலைல கேக்கறேன்” என்றாள். “இங்க கேட்டா ஜோக் பண்ணுவாரு. நடக்கறப்ப கேட்டா நிஜம் சொல்லுவாரு.”

ஆகவே அவள் கேட்பாள். எந்த ஏற்றத்தில் என்று தெரியாது, ஆனால் கேட்பாள், பதில் வரும் வரை விடமாட்டாள். அந்தக் குணம் என்னுடையது. அவளுக்கு உள்ளதை உள்ளபடியே சொல். எனக்காக மெருகேற்றாதே. நீ பார்த்திருந்தால் பார்த்தேன் என்று சொல். பத்து வயதுப் பையன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதைப் பத்து வயதுப் பெண்ணுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

அம்மா